ஜெர்மனியில் முதுநிலைப் படிப்பும் அதன் பிறகான வேலையும்: கேள்வி பதில்

கேள்வி (தந்தை, சேலம்): மகன் ஈசிஈ முடித்திருக்கிறான். ஜெர்மனியில் கல்விக் கட்டணமே இல்லை என்கிறார்கள். நாங்கள் அணுகிய கன்சல்டன்சியோ பெர்லினில் ஒரு கல்லூரிக்கு ஆண்டுக்கு 12,000 யூரோ ஆகும் என்கிறது. எது உண்மை?

பதில்: இரண்டும் உண்மையாக இருக்கலாம் ஐயா. அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை செமஸ்டருக்கு ஒரு சிறு பங்களிப்புத் தொகையை மட்டுமே வாங்குகின்றன. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் இதற்கு விதிவிலக்கு. அங்கே ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோர் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ செலுத்துகிறார்கள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் புதிதாகச் சேரும் வெளிநாட்டு முதுநிலை மாணவர்களிடம் செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வாங்குகிறது. உங்களுக்குச் சொல்லப்பட்டது தனியார் கல்லூரியாக இருக்க வேண்டும். மாணவரைச் சேர்த்துவிடும் கன்சல்டன்சிக்குத் தனியார் கல்லூரிகள் பலவும் கமிஷன் தருவது வழக்கம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு அவர்கள் நீட்டும் பட்டியலைப் பாருங்கள். ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடியின் தளத்தில் எல்லாப் படிப்புகளையும் மகனே இலவசமாகத் தேடலாம். எந்தக் கல்லூரியானாலும், 2022 நவம்பர் முதல் மாணவர் விசாவுக்கு ஏபிஎஸ் சான்றிதழ் (இந்தியக் கல்விச் சான்றுகள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தருவது) கட்டாயம் என்பதால், அதற்கு முதலில் விண்ணப்பித்துவிடுவது நல்லது.

கேள்வி (மாணவி, திருநெல்வேலி): என் சிஜிபிஏ 7.2. இரண்டு அரியர் வைத்துப் பின்னர் தேறினேன். இடம் கிடைக்குமா?

பதில்: ஜெர்மனியில் 1.0 மிகச் சிறந்த மதிப்பெண், 4.0 தேர்ச்சியின் விளிம்பு. உங்கள் சிஜிபிஏவை இந்த அளவுக்கு மாற்ற, அதிகபட்சம் 10, தேர்ச்சிக்குக் குறைந்தபட்சம் 5 என்று கொண்டால், பத்திலிருந்து உங்கள் 7.2ஐக் கழித்து வரும் 2.8ஐ 5ஆல் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள்: 2.68. பல பல்கலைக்கழகங்கள் 2.5ஐ எல்லையாக வைத்திருப்பதால் அவை கைகூடாது. எல்லை வைக்காதவையும், செய்முறைக்கு முக்கியத்துவம் தரும் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. பழைய அரியரை விட, அங்கே போன பின் வரக்கூடியதைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன். இங்கே போல் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதித் தேறிவிடலாம் என்று அங்கே இருக்க முடியாது. ஒரு கட்டாயப் பாடத்தைப் பெரும்பாலும் மூன்று முறைதான் எழுதலாம். மூன்றாவதிலும் தவறினால் படிப்பிலிருந்து நீக்கப்படுவதோடு, அதே படிப்பை ஜெர்மனியின் வேறு பல்கலைக்கழகத்தில் தொடரும் வழியும் அடைபடும். தயாராகாத தேர்விலிருந்து உரிய தேதிக்குள் பெயரை விலக்கிக்கொள்வதை முதல் செமஸ்டரிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி (மாணவர், மதுரை): பகுதி நேர வேலை பார்த்துக் கல்விக் கடனை அடைத்துவிட முடியுமா?

பதில்: முடியாது, அந்தக் கணக்கை நம்பிக் கிளம்பவும் வேண்டாம். விசாவுக்காக ஓராண்டுச் செலவுக்கென பிளாக்டு அக்கவுண்டில் (மாதம் ஒரு பகுதியை மட்டுமே எடுக்கக்கூடிய கணக்கு) நீங்கள் போடும் 11,904 யூரோ மாதம் 992 யூரோவாகத் திரும்பி வரும். மியூனிக் போன்ற நகரங்களில் வாடகைக்கே அதில் பாதிக்கு மேல் போய்விடும். சட்டப்படி ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்யலாம். சுயதொழில் என்ற பெயரில் தரப்படும் டெலிவரி வேலைகளை ஏற்காதீர்கள்; தனி அனுமதியின்றி அதைச் செய்தால் விசா நீட்டிப்பே சிக்கலாகும்.

கேள்வி (மாணவி, கோவை): படிப்பு முழுவதும் ஆங்கிலத்தில்தான். வேலைக்கு ஜெர்மன் மொழி அவசியமா? முடித்த பின் எத்தனை காலம் தங்கலாம்?

பதில்: பட்டம் பெற்றவர் வேலை தேட 18 மாதங்கள் தங்கலாம், அதுவரை எந்த வேலையும் பார்க்கலாம். அந்த அனுமதி நீட்டிக்கப்படுவதில்லை. படிப்புக்குத் தகுந்த வேலை கிடைத்தால், பட்டதாரிகளுக்கான வேலை மற்றும் வசிப்பு அனுமதியான ப்ளூ கார்டு பெறலாம்; 2025இல் அதற்கான ஆண்டுச் சம்பள வரம்பு 48,300 யூரோ, புதிய பட்டதாரிகளுக்கு 43,759.80 யூரோ. விதிகள் இவ்வளவு தாராளமாக இருந்தும் பலர் 18 மாதமும் விண்ணப்பித்துக் களைத்துப்போவதற்கு, நான் பார்த்தவரை, முதல் காரணம் மொழிதான். ஐடி துறையில் ஆங்கிலத்தோடு சமாளிக்கலாம். இயந்திரவியலிலோ, கார் உதிரிபாகம் செய்யும் நடுத்தர நிறுவனத்தில் வரைபடக் குறிப்பு, பாதுகாப்புப் பயிற்சி, தொழிற்கூடப் பணியாளரின் புகார் எல்லாமே ஜெர்மனில்தான் வரும்; வேலை விளம்பரத்தில் பி2 (ஏ1 முதல் சி2 வரையான ஆறு மொழித் தேர்ச்சி நிலைகளில் நான்காவது) கேட்பது அதனால்தான். சென்னை மாக்ஸ் முல்லர் பவனிலோ வேறெங்கோ ஏ2 வரை இங்கேயே முடித்துவிட்டுப் போங்கள். அங்கே பல்கலைக்கழகமே நடத்தும் வகுப்புகளில் பி1ஐ எட்டி, இரண்டாம் செமஸ்டரிலிருந்து துறை சார்ந்த நிறுவனத்தில் வெர்க்ஸ்டூடென்டாக, அதாவது படித்துக்கொண்டே பகுதி நேரம் வேலை செய்பவராக, சேருங்கள். ஆய்வேட்டையும் அதே நிறுவனத்தில் எழுத முடிந்தால், பட்டம் வரும் நேரத்தில் உங்கள் வேலையை நேரில் அறிந்த மேலாளர் ஒருவர் இருப்பார்.

கேள்வி (பொறியாளர், ஸ்டுட்கார்ட்): நிரந்தரக் குடியிருப்புக்கும் குடியுரிமைக்கும் எவ்வளவு காலம் ஆகும்?

பதில்: ப்ளூ கார்டில் 27 மாதங்கள், பி1 இருந்தால் 21. குடியுரிமைக்கு, 2024 ஜூன் முதல், ஐந்தாண்டு வசிப்பு போதும். ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையை அனுமதித்தாலும் இந்தியா அனுமதிப்பதில்லை என்பதால், இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) பெற வேண்டியிருக்கும். அந்த அட்டையோடு இந்தியாவில் விவசாய நிலம் வாங்க முடியாது. பரம்பரையாக வருவதை வைத்துக்கொள்ளலாம்.