செடித் தொட்டி: நீரோட்டம் முதலில், வாயு பிறகு

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஏறத்தாழ 60 லிட்டர் நீர் கொள்ளும் இரண்டடித் தொட்டியில் ரோட்டாலாவும் தரையில் படரும் புல்வகைச் செடியும் நட்டு, 15 நியான் டெட்ரா மீன்களை வளர்க்கிறேன். நீரின் மேற்பரப்பு அசைந்தால் கரியமில வாயு வீணாகிவிடும் என்று கேள்விப்பட்டதால், கேனிஸ்டர் வடிகட்டியின் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய வடிகட்டி) வெளிக்குழாயை மிகவும் கீழே இறக்கி வைத்தேன். செடிகளுக்காகச் சிலிண்டரிலிருந்து அந்த வாயுவை இரவும் பகலும் விடுகிறேன். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன, செடிகளும் தழைக்கவில்லை. எங்கே தவறு? (வாசகர், சேலம்)

பதில்: முதலில் மீன்களைக் காப்பாற்றுங்கள். இன்றிரவு விளக்கை அணைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே வாயுவை நிறுத்தி, வடிகட்டியின் வெளிக்குழாயை நீர்மட்டத்தை ஒட்டி உயர்த்தி, மேற்பரப்பு முழுவதும் மெல்லிய அலை ஓடும்படி செய்யுங்கள். வெளிச்சம் இல்லாதபோது செடிகள் கரியமில வாயுவை உட்கொள்வதில்லை. மீன்களையும் நுண்ணுயிர்களையும் போல அவையும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவையே வெளிவிடுகின்றன. அந்த நேரத்தில் சிலிண்டரிலிருந்தும் வாயு வந்துகொண்டிருந்து, மேற்பரப்பும் அசையாமல் கிடந்தால், விடியும் வேளையில்தான் மீன்களின் நிலை மிக மோசமாக இருக்கும். நம் ஊர் வெப்பம் இதை இன்னும் கடுமையாக்குகிறது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும் என்றால், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான் தாங்கும்.

மேற்பரப்பு அசைந்தால் வாயு ஓரளவு வெளியேறும் என்பது உண்மையே. ஆனால் அந்த இழப்பை நிமிடத்துக்குச் சில குமிழிகள் கூட்டி ஈடு செய்துவிடலாம். ஆக்சிஜன் குறைவை அப்படி ஈடு செய்ய முடியாது. அருவிபோல் நீரைக் கொட்டும் தொங்கு வடிகட்டியும், காற்றுப் பம்பினால் இயங்கும் ஸ்பாஞ்சு வடிகட்டியும் வாயுவை அதிகம் வெளியேற்றுவதால்தான் செடித் தொட்டிக்குக் கேனிஸ்டரைப் பரிந்துரைக்கிறோம். அதற்காக நீரை உறைந்த குளமாக்க வேண்டியதில்லை.

செடிகள் தழைக்காததற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். காற்றில் பரவுவதைக் காட்டிலும் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே நீரில் கரியமில வாயு பரவுகிறது. இலையை ஒட்டியுள்ள மெல்லிய நீர்ப்படலத்தில் இருந்த வாயு தீர்ந்த பிறகு, ஓட்டம் புதுநீரைக் கொண்டுவந்து சேர்க்காவிட்டால், தொட்டியில் எவ்வளவு வாயு கரைந்திருந்தாலும் அந்த இலை பட்டினிதான் கிடக்கும். ஆகவே மணிக்குத் தொட்டிக் கொள்ளளவைப் போல் ஐந்து முதல் பத்து மடங்கு நீர் சுற்றி வரவேண்டும். உங்கள் தொட்டிக்கு அது 300 முதல் 600 லிட்டர். பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவு, உள்ளே எதையும் நிரப்பாமல் ஓட்டிப் பார்த்த அளவாகவே பெரும்பாலும் இருக்கும் என்பதால், மேல் எல்லையை ஒட்டியே வாங்குங்கள். நீர் நுழையும் பக்கத்தில் சொரசொரப்பான ஸ்பாஞ்சும், அதன்பின் பீங்கான் வளையங்களும் போதும். மெல்லிய பஞ்சைத் திணித்தால் நீர் பளிங்காகத் தெரியும். ஆனால் இரண்டு வாரத்தில் அது அடைத்துக்கொண்டு ஓட்டம் பாதியாகும். செடித் தொட்டியில் அந்தப் பேரம் கட்டுப்படியாகாது. வளையங்களைக் குழாய் நீரில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த நீரில் அலசுங்கள். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் அங்கே குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். குளோரின் அவற்றைச் சில நிமிடங்களில் அழித்துவிடக்கூடும்.

வாயுவை நுண்குமிழிகளாக நீரில் விடும் டிஃப்யூசரை, வடிகட்டியிலிருந்து வரும் நீரோட்டம் குமிழிகளைக் கீழ்நோக்கி அள்ளிச் செல்லும் இடத்தில் பொருத்துங்கள். உறிஞ்சு குழாய்க்கு அடியில் வைத்தால் கேனிஸ்டருக்குள் வாயு தேங்கி, மோட்டார் கடகடவென்று சத்தமிட்டு ஓட்டம் நின்றுபோகக்கூடும். விளக்கு எரிவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு வாயு தொடங்கும்படி, சோலினாய்டு வால்வை (மின்சாரத்தால் வாயுவைத் திறந்து மூடுவது) டைமரில் இணையுங்கள். இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்: மின்தடையின்போது வடிகட்டி ஓடி வாயு நின்றால் கேடில்லை, வடிகட்டி நின்று வாயு மட்டும் வந்தால் மீன்கள் இறந்துபோகும்.

கேள்வி: எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீர் மிகவும் கடினமானது. பிஎச் (அமில, காரத் தன்மை) அளவையும் கார்பனேட் கடினத்தன்மையையும் அட்டவணையில் பார்த்து வாயுவின் அளவைக் கணக்கிடலாமா? (வாசகி, சென்னை)

பதில்: அந்த அட்டவணை, நீரின் பிஎச் அளவைக் கார்பனேட்டும் கரியமில வாயுவும் மட்டுமே தீர்மானிக்கின்றன என்று கருதிக்கொள்கிறது. மரக்கட்டை, மண், உரம் ஆகியவை உள்ள தொட்டியில் அது பொய்த்துப்போகும். கரைந்துள்ள வாயுவின் அளவை நிறத்தால் காட்டும் டிராப் செக்கர் இதைவிட நம்பகமானது. ஆனால் அதற்குள் தொட்டி நீரை ஊற்றாமல், 4 டிகிரி கார்பனேட் கடினத்தன்மை கொண்ட ஆயத்தக் கரைசலையே ஊற்ற வேண்டும். நீலம் என்றால் வாயு குறைவு. பச்சை என்றால் லிட்டருக்கு ஏறத்தாழ 30 மில்லிகிராம். மஞ்சள் என்றால் ஆபத்து. நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும் என்பதால், ஒரு நாளில் ஒரு முறைக்குமேல் வாயுவின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஊசி வால்வைத் திருகாதீர்கள். நிறத்தைக் காட்டிலும் மீனின் மூச்சையே நான் முதலில் நம்புவேன்.

கடின நீர் ஒரு குறையல்ல. வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா போன்றவை நீரிலுள்ள பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ள வல்லவை. உங்கள் நீரில் அவை வாயு இல்லாமலே செழிக்கும். இலங்கைக்கே உரிய கிரிப்டோகோரைன் வெண்டிட்டியையும் சேர்த்து நட்டுப் பாருங்கள். சிலிண்டருக்குப் பணம் போடுவதற்கு முன் ஓராண்டு இப்படி வளர்ப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: சிலிண்டரின் அழுத்தமானி பல மாதங்கள் அசையாமலிருந்து, ஒரே வாரத்தில் சரிந்துவிட்டது. கசிவாக இருக்குமா? (வாசகர், வேலூர்)

பதில்: கசிவு இல்லாமலும் அப்படித்தான் நடக்கும். சிலிண்டருக்குள் கரியமில வாயு பெரும்பாலும் திரவமாக இருக்கிறது. திரவம் ஒரு சொட்டு மிஞ்சியிருக்கும் வரை அழுத்தமானி காட்டுவது வெப்பநிலைக்கேற்ற அழுத்தத்தையே (20 டிகிரியில் ஏறத்தாழ 57 பார், 30 டிகிரியில் 72 பார்). மீதமுள்ள அளவை அது காட்டுவதில்லை. திரவம் தீர்ந்தபின்தான் முள் இறங்கத் தொடங்கும். மீதியை அறிய எடை போட்டுப் பார்ப்பதே வழி. முள் சரியத் தொடங்கியதும் சிலிண்டரை மாற்றிவிடுங்கள். சில ரெகுலேட்டர்களில் (சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் கருவி) அந்தக் கடைசிக் கட்டத்தில் வெளியழுத்தம் திடீரென்று உயர்ந்து, குமிழிகள் பெருகி மீன்களைக் கொன்றுவிடும்.

31 டிகிரிக்கு மேல் கரியமில வாயுவில் திரவம், வாயு என்ற வேறுபாடே மறைந்துபோகிறது. நிறைய அடைத்த சிலிண்டரில் அழுத்தம் விரைந்து ஏறும். உங்கள் ஊரின் சித்திரை வெயிலில் அறைக்குள்ளேயே அந்த வெப்பம் வரும் என்பதால், எடை பார்த்து அளவாக நிரப்பித் தரும் இடத்தில் மட்டும் நிரப்புங்கள், ஜன்னலோரம் வைக்காதீர்கள், படுக்க வைக்காமல் நிமிர்த்திக் கட்டி வையுங்கள். கசிவுச் சந்தேகம் தீரவில்லையென்றால், இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவிக் குமிழி எழுகிறதா என்று பாருங்கள். சிலிக்கான் குழாயின் சுவர் வழியாகவே வாயு கசியும்; பாலியூரித்தேன் குழாய்க்கு மாறுங்கள்.

கேள்வி: சிலிண்டருக்குப் பதிலாக, சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்து கரியமில வாயு உண்டாக்கும் புட்டி போதுமா? (வாசகர், மதுரை)

பதில்: 20 லிட்டருக்குட்பட்ட தொட்டியில் பழகிப் பார்க்கப் போதும். இரவில் அதை நிறுத்த முடியாது. வெப்பம் ஏறினால் வாயுவும் ஏறும். எனவே இரவு முழுவதும் காற்றுப் பம்பை ஓட விடுங்கள். புட்டியின் கலவை தொட்டிக்குள் வழிந்துவிடாதபடி, இடையில் ஒரு வெற்றுப் புட்டியை இணையுங்கள். கண்ணாடிப் புட்டி கூடவே கூடாது. குழாய் அடைத்துக்கொண்டால் அது வெடித்துவிடும்.