நீக்கிய வீடியோ ஏன் இன்னும் புஷ்ஷைத் தடுக்கிறது?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் நாங்கள் நான்கு பேர் தெருக்கூத்துப் பதிவுகளுக்காக கிட்ஹப் பேஜஸில் (கிட்ஹப்பில் வைத்த கோப்புகளை இணையதளமாகக் காட்டும் சேவை) ஓர் இணையதளம் நடத்துகிறோம். 340 எம்.பி. வீடியோ ஒன்று தவறுதலாகக் கமிட்டில் (மாற்றங்களைச் சேமிக்கும் பதிவில்) சேர்ந்துவிட்டது. புஷ் (கிட்ஹப்புக்கு ஏற்றுவது) மறுக்கப்பட்டது. வீடியோவை நீக்கி மறுபடி கமிட் செய்தும் அதே மறுப்புதான். ‘எல்லாவற்றையும் எல்எஃப்எஸ்ஸுக்கு (பெரிய கோப்புகளைத் தனியே வைக்கும் முறை) மாற்றித் தருகிறேன்’ என்று ஒருவர் பணமும், எங்கள் கணக்கைப் பயன்படுத்த உதவும் ரகசியச் சாவியான டோக்கனும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். டோக்கனும் வேண்டாம், பணமும் வேண்டாம். இது உங்கள் கணினியிலேயே நாலைந்து கட்டளைகளில் தீர்கிற விஷயம்.

கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருளான கிட் கடைசி நிலையை மட்டும் அனுப்புவதில்லை. இடையில் போட்ட ஒவ்வொரு கமிட்டையும் அதிலிருந்த கோப்புகளோடு அனுப்பும். ஒரு கமிட்டில் சேர்த்ததை அடுத்ததில் நீக்கினாலும், முந்தையதில் வீடியோ அப்படியே இருக்கும். கிட்ஹப் 50 எம்.பி.யைத் தாண்டினால் எச்சரிக்கும், 100 எம்.பி.யைத் தாண்டினால் ஏற்காது. அந்த மறுப்பையும் எல்லாம் ஏற்றி முடித்த பிறகுதான் சொல்லும். ப்ரீபெய்டு டேட்டாவில் இருப்பவருக்கு ஒவ்வொரு முயற்சியிலும் அத்தனை காசும் போச்சு. நடுவில் மின்சாரம் போய் ரவுட்டர் அணைந்தால், புஷ் விட்ட இடத்திலிருந்து தொடராது, மறுபடி முதலிலிருந்துதான். அளவை முன்கூட்டியே பார்த்துச் சொல்ல இத்தனை வருடத்தில் ஒரு வழி செய்திருக்க வேண்டாமா? அதனால் திரும்பத் திரும்பப் புஷ் செய்வதை நிறுத்துங்கள். ‘போஸ்ட்பஃபர்’ என்ற கிட் அமைப்பின் அளவைக் கூட்டச் சொல்கிறவர்களையும் கேட்காதீர்கள். அதனால் சர்வரின் வரம்பு உயராது.

கீழே உள்ள கட்டளைகளை டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். முதலில், மறைந்திருக்கும் டாட்-கிட் ஃபோல்டர் (கமிட்டுகள் இருக்கும் இடம்) உட்பட புராஜெக்ட் ஃபோல்டர் முழுவதையும் வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். பிறகு ‘கிட் ஸ்டேட்டஸ்’. உங்கள் கிளை (நீங்கள் வேலை செய்யும் கமிட் வரிசை) ஆரிஜின்/மெயினைவிட, அதாவது கிட்ஹப்பில் உள்ள நிலையைவிட, இத்தனை கமிட் முன்னால் இருக்கிறது என்று மட்டும் வந்தால் மேலே போகலாம். இரண்டும் பிரிந்துவிட்டன, ‘டைவர்ஜ்டு’ என்று வந்தால் இந்த வழியில் போகாதீர்கள்; மற்ற மூவரின் மாற்றங்களை நீங்களே அழித்துவிடுவீர்கள்.

அடுத்து ‘கிட் ரீசெட் --சாஃப்ட் ஆரிஜின்/மெயின்’. இது புஷ் ஆகாத கமிட்டுகளை மட்டும் கலைக்கும். உங்கள் வேலை எதுவும் போகாது. ‘--ஹார்டு’ என்று அடித்துவிடாதீர்கள், வேலை போய்விடும். மறுபடி ‘கிட் ஸ்டேட்டஸ்’ பாருங்கள். வீடியோ பட்டியலில் இருந்தால் ‘கிட் ஆர்எம் --கேஷ்டு’ போட்டுக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். கோப்பு டிஸ்க்கில் இருக்கும், கிட்டிலிருந்து மட்டும் விலகும். கிட் கண்டுகொள்ளாமல் விட வேண்டியவற்றைப் பட்டியலிடும் டாட்-கிட்இக்னோர் கோப்பில் எம்பி4, எம்ஓவி வகைகளைச் சேர்த்து, அதையும் ‘கிட் ஆட்’ செய்து, ஒரே கமிட்டாகப் போட்டுப் புஷ் செய்யுங்கள். பழைய கமிட் செய்திகள் போய்விடும், போகட்டும். ஏற்கெனவே கிட்டில் இருக்கிற கோப்பை கிட்இக்னோர் தடுக்காது. அதனால்தான் முதலில் விலக்கச் சொன்னேன்.

இனி எல்எஃப்எஸ். கிட்ஹப்பின் பிழைச் செய்தியே எல்எஃப்எஸ் பயன்படுத்திப் பாருங்கள் என்கிறது. உங்களுக்கு அது உதவாது. எல்எஃப்எஸ்ஸில் ரெப்போவுக்குள் (உங்கள் புராஜெக்டின் கிட் தொகுப்புக்குள்) இருப்பது வீடியோ அல்ல. அது இருக்கும் இடத்தைச் சொல்லும் சில வரி உரைக்கோப்பு. வீடியோ வேறொரு கிடங்கில் இருக்கும். கிட்ஹப் பேஜஸ் அந்தக் கிடங்கைத் திறந்து பார்ப்பதில்லை. புஷ் வெற்றி என்று வரும், தளமும் வெளியாகும், ஆனால் வீடியோ ஓடாது. பார்வையாளருக்குப் போவது அந்தச் சில வரி உரைதான். ஆவணத்தில் ஒரு மூலையில் இதை எழுதியிருக்கிறார்கள். பிழைச் செய்தியில் ஒரு வரி சேர்த்திருந்தால் எத்தனையோ பேருக்கு அலைச்சல் மிச்சம். பேஜஸ் இல்லாமல் வேறு ஹோஸ்டிங்கில் இருந்தாலும் கணக்குப் பாருங்கள்: எல்எஃப்எஸ்ஸில் ஒரு வீடியோவை மூன்று முறை திருத்திப் போட்டால் மூன்று முழு நகல்கள் இருக்கும். யார் இறக்கினாலும் ரெப்போ உரிமையாளரின் மாத ஒதுக்கீட்டில்தான் கழியும். கிட்ஹப்பில் அந்தக் கோப்புகளை நீங்களாக அழிக்க வேண்டுமென்றால் ரெப்போவையே நீக்கிப் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும். ‘எல்எஃப்எஸ் டிராக்’ (இந்த வகைக் கோப்புகளை எல்எஃப்எஸ்ஸில் வை என்னும் கட்டளை) போட்டால் பழைய கமிட்டுகளும் மாறிவிடும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். மாறாது.

வீடியோக்களை யூடியூபிலோ வேறு வீடியோ சேவையிலோ ஏற்றி, ரெப்போவில் தலைப்பு, ஊர், ஆண்டு, இணைப்பு கொண்ட பட்டியலை மட்டும் வையுங்கள். மூலப் பதிவுகள் இரண்டு டிஸ்க்குகளில், இரண்டு வீடுகளில் இருக்கட்டும். யூடியூபை மட்டும் நம்பி மூலத்தை அழித்துவிடாதீர்கள். அங்கிருந்து திரும்பக் கிடைப்பது சுருக்கப்பட்ட நகலாக இருக்கலாம்.

பணம் கேட்பவரைப் பற்றி. இந்த வகையினர் வழக்கமாகச் செய்வது, டாட்-கிட் ஃபோல்டரை அழித்து, ‘கிட் இனிட்’ போட்டு வெறுமையிலிருந்து தொடங்கி, கிட்ஹப்பில் இருப்பதன் மேல் வலிந்து எழுதும் ஃபோர்ஸ் புஷ் செய்வது. புஷ் போய்விடும். உங்கள் நால்வரின் வரலாறும், யார் எதை எப்போது மாற்றினார்கள் என்ற பதிவும் சேர்ந்தே போய்விடும். அதற்குக் கட்டணம், பிறகு மாதாமாதம் ‘ஸ்டோரேஜ்’ என்று இன்னொரு கட்டணம். உண்மையிலேயே ஒருவரின் உதவி தேவைப்பட்டால் அவரை ரெப்போவில் கொலாபரேட்டராக (கூட்டுப் பணியாளராக) சேர்த்து, வேலை முடிந்ததும் நீக்குங்கள். டோக்கன் என்பது உங்கள் பெயரில் அவர் நடமாட நீங்கள் தரும் அனுமதி.

நால்வரில் யாராவது ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே கணக்கின் செட்டிங்ஸில் டெவலப்பர் செட்டிங்ஸ் போய் அந்த டோக்கனை ரத்து செய்யுங்கள். அதோடு நிற்காமல் எஸ்எஸ்எச் கீ பட்டியலையும், ரெப்போவின் டெப்லாய் கீகளையும் (இரண்டும் கடவுச்சொல் இல்லாமலே நுழைய உதவும் சாவிகள்), கொலாபரேட்டர்களையும் பாருங்கள். கடவுச்சொல்லை மாற்றினாலும் அங்கே சேர்த்துவிட்ட கீ தொடர்ந்து வேலை செய்யும். யாருடையது என்று தெரியாத கீ எதுவானாலும் நீக்குங்கள்.