இனிஷியலை எங்கே எழுதுவது? பாஸ்போர்ட் குறித்து வாசகர் கேள்விகள்

கேள்வி: பத்தாம் வகுப்புச் சான்றிதழில் என் பெயருக்குப் பின்னால் ‘எஸ்’ என்ற இனிஷியல் மட்டுமே உள்ளது. ஆதாரில் அப்பாவின் பெயர் சுப்பிரமணியம் என முழுமையாக இருக்கிறது. ஆனால் அந்தப் பெயர் ஆதாரில் ‘எம்’ என்ற ஆங்கில எழுத்திலும் பள்ளி டி.சி.யில் ‘என்’ என்ற எழுத்திலும் முடிகிறது. விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கான கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன். பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் ஏ கவுண்டரில் எல்லாம் சரி என்றவர்கள், பி கவுண்டரில் ஆவணங்கள் ஒத்துப்போகவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். எங்கே தவறு?
(வாசகர், கோவில்பட்டி)

பதில்: ஏ கவுண்டரில் இருப்பவர்கள் டி.சி.எஸ். என்ற தனியார் நிறுவனத்தின் ஊழியர்கள், ஆவணங்களை ஸ்கேன் செய்வதும், புகைப்படமும் கைரேகையும் எடுப்பதும்தான் அவர்களுடைய வேலை. ஆவணங்களை ஏற்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் அதிகாரம் பி, சி கவுண்டர்களில் இருக்கும் வெளியுறவுத் துறை அலுவலர்களுக்கே உண்டு. ஆகவே முன்னவர்கள் ‘சரி’ என்றதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. வெளியே வரும்போது தரப்பட்ட ஒப்புகைச் சீட்டில் குறை என்னவென்று குறிப்பிட்டிருக்கிறார்களா என முதலில் பாருங்கள். வாய்மொழியாகச் சொன்னதை நம்பி ஆவணம் திருத்தக் கிளம்பினால், அடுத்த முறை வேறோர் அலுவலர் வேறொன்றைக் கேட்கக்கூடும்.

பெயரைப் பொறுத்தவரை, விண்ணப்பத்தில் இனிஷியலுக்கு இடமே கிடையாது. இயற்பெயரும் குடும்பப் பெயரும் தனித்தனிக் கட்டங்களில் முழுமையாக எழுதப்பட வேண்டும். குடும்பப் பெயர் என்ற வழக்கம் நம்மில் பெரும்பாலோருக்கு இல்லாததால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவது இயல்புதான். விதியும் அதை அனுமதிக்கிறது. ஆனால் தொல்லை பிறகுதான் தொடங்கும். ஒற்றைப் பெயருள்ள பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசா கொடுக்கும்போது, இருக்கும் ஒரே பெயரைக் குடும்பப் பெயராக்கிவிட்டு, இயற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று, அதாவது முதற்பெயர் தெரியவில்லை என்று அச்சிடுகிறார்கள். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் 21 முதல், ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ளவர்கள் சுற்றுலா, வருகை விசாக்களில் நுழைய முடியாது என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தையின் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பின்னர் தளர்த்தியது. அந்தச் சில நாட்களில் துபாய்க்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தவர்கள் பட்ட பதற்றம் கொஞ்சமல்ல.

எனவே குடும்பப் பெயருக்கான கட்டத்தில் தந்தையின் பெயரை எழுதிவிடுங்கள் என்பதே என் பரிந்துரை. ஒரே வீட்டில் அப்பாவுக்கு ஒரு குடும்பப் பெயரும் மகனுக்கு இன்னொன்றும் வருமே என்று தயங்க வேண்டாம். தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான குடும்பங்கள் அப்படித்தான் பயணம் செய்கின்றன. அதற்கு முன்னால் அந்த ‘எம்’, ‘என்’ சிக்கலைத் தீர்த்தாக வேண்டும். அப்பாவின் சொந்த ஆவணங்களில் எந்த எழுத்து இருக்கிறதோ அதையே உங்களுக்கும் வைத்துக்கொள்வது நல்லது. அது ‘எம்’ என்றால் உங்கள் ஆதாரைத் திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டு, டி.சி.க்குப் பதிலாக வேறோர் ஆவணத்தைக் காட்டுங்கள். பிறந்த தேதிக்குச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழ்தான் வேண்டும் என்ற கட்டாயம், 2023 அக்டோபர் 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்கே உண்டு. உங்களுக்குப் பான் அட்டை, ஓட்டுநர் உரிமம் போன்றவற்றில் ஒன்று போதும். அது ‘என்’ என்றால் ஆதாரைத் திருத்துங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறை மட்டுமே மாற்ற முடியும் என்பதால், இந்த முடிவை அவசரமாக எடுக்காதீர்கள்.

கேள்வி: இணையத்தில் தேடிக் கிடைத்த ஒரு தளத்தில் விண்ணப்பித்தபோது 4,500 ரூபாய் கேட்கிறார்கள். அரசுக் கட்டணம் இவ்வளவா?
(வாசகி, ஆரணி)

பதில்: இல்லை, பணம் கட்டாதீர்கள். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000 ரூபாய், தட்கல் என்றால் கூடுதலாக 2,000 ரூபாய். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 1,000 ரூபாய். அரசின் தளம் ‘ஜிஓவி டாட் இன்’ என்றே முடியும். வேறு எப்படி முடிந்தாலும் அது அரசுத் தளம் அல்ல. பிரவுசிங் சென்டரில் விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்து தரச் சொல்லிச் சிறு தொகை கொடுப்பதில் தவறில்லை. ஆனால் பதிவு செய்யும்போது கடைக்காரர் தம் மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படிப் போட்டுவிட்டால், முன்பதிவுத் தேதியை மாற்றக்கூட அவர் கடை திறக்கும் வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: விசாரணைக்கு வந்த காவலர் ‘பார்த்துச் செய்யுங்கள்’ என்கிறார். கொடுக்காவிட்டால் அறிக்கையை எதிராக எழுதிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தஞ்சை மாவட்டம்)

பதில்: காவல்துறைச் சரிபார்ப்புக்கு விண்ணப்பதாரர் தனியாகக் கட்ட வேண்டிய கட்டணம் எதுவுமே இல்லை. ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, லஞ்சம் வாங்குவது போலவே கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தின் பேரில் கொடுக்க நேர்ந்தவர், ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால் மட்டுமே அந்தக் குற்றத்திலிருந்து தப்ப முடியும். ஆகவே ‘ஐந்நூறு ரூபாய்தானே’ என்று கொடுத்துவிட்டு ஊரெல்லாம் புலம்புவது உங்களுக்கே ஆபத்து. பணம் கேட்டால் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககத்தில் புகார் செய்யலாம்.

காவல்துறை முக்கியமாகப் பார்க்க வேண்டியவை உங்கள் குடியுரிமையும் குற்றப் பின்னணியும்தான். இரண்டிலும் குறையில்லாதவருக்கு எதிராக அறிக்கை எழுதப்பட்டால், அதை எதிர்த்து மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்தில் விளக்கம் அளித்து மறுவிசாரணை கேட்கலாம். கொஞ்சம் அலைச்சல்தான், மறுக்கவில்லை.

கேள்வி: விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. என் பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்குக் கணவரின் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். அவர் போட மாட்டார். மகளுக்கும் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும்.
(வாசகி, சென்னை)

பதில்: உங்களுடைய பாஸ்போர்ட்டுக்கு அவருடைய கையெழுத்து தேவையில்லை. ஏறத்தாழ இதே நிலையில் இருந்த ஒரு பெண் தொடுத்த வழக்கில், மனைவி பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கக் கணவரின் அனுமதியோ கையெழுத்தோ அவசியமில்லை என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2025 ஜூனில் தெளிவாகத் தீர்ப்பளித்தார். திருமணத்தால் ஒரு பெண் தம் தனி அடையாளத்தை இழந்துவிடுவதில்லை என்பதே அதன் சாரம். அத்தீர்ப்பின் நகலோடு கையெழுத்து ஏன் தேவையில்லை என்று விளக்கும் மனுவை மண்டலப் பாஸ்போர்ட் அலுவலருக்கு எழுதி, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள்.

மகள் விஷயம் வேறு. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பெற்றோர் இருவரும் ‘டி’ இணைப்பு என்ற படிவத்தில் உறுதிமொழி தருவது வழக்கம். ஒருவரது சம்மதம் கிடைக்காதபோது மற்றவர் காரணத்தை விளக்கி ‘சி’ இணைப்பைத் தரலாம். வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டாலே போதும். நோட்டரியிடம் போகத் தேவையில்லை. குழந்தை யாருடைய பொறுப்பில் இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் ஏதேனும் உத்தரவிட்டிருந்தால், அதை மறைக்காமல் இணைத்துவிடுங்கள்.

கேள்வி: கோயில் திருவிழாத் தகராறில் என் மகன் பெயரும் எஃப்.ஐ.ஆரில் சேர்ந்துவிட்டது. வேலைக்காக வெளிநாடு செல்ல வேண்டும். விண்ணப்பத்தில் வழக்கைக் குறிப்பிடாமல் விட்டுவிடலாம் என்று ஒருவர் யோசனை சொல்கிறார்.
(வாசகர், விருதுநகர் மாவட்டம்)

பதில்: அந்த ஒருவரிடம் மறுபடி யோசனை கேட்காதீர்கள். உண்மையை மறைத்துப் பாஸ்போர்ட் பெறுவது 1967-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இருந்த ஒரு வழக்கோடு இன்னொன்றும் சேர்ந்துவிடும்.

உண்மையைச் சொன்னால் வழி இருக்கிறது. பாஸ்போர்ட்டை மறுக்க இடமளிக்கும் 6(2)(எஃப்) பிரிவு, குற்றவியல் நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும் வழக்கைப் பற்றியே பேசுகிறது. எஃப்.ஐ.ஆர். பதிவானது மட்டுமே அப்படியொரு வழக்கு ஆகிவிடாது. குற்றப்பத்திரிகை தாக்கலாகி நீதிமன்றம் அதைக் கோப்பில் எடுத்திருக்க வேண்டும். ஆகவே வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதை வழக்கறிஞர் மூலம் முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். நீதிமன்றத்துக்கு வந்துவிட்டது என்றாலும், 1993 ஆகஸ்ட் 25-ஆம் தேதி மத்திய அரசு வெளியிட்ட 570-ஆம் எண் அறிவிக்கையின்படி, வழக்கு நடக்கும் நீதிமன்றத்திலேயே வெளிநாடு செல்ல அனுமதி பெற்று விண்ணப்பிக்கலாம். எத்தனை காலத்துக்கு என்று நீதிமன்றம் குறிப்பிடாவிட்டால் ஓராண்டுக்கான பாஸ்போர்ட்தான் கிடைக்கும். அனுமதி மனுவிலேயே வேலை ஒப்பந்தக் காலத்தைக் குறிப்பிட்டு, அதற்கேற்ற காலத்தைக் கேட்கும்படி வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

அப்படியும் மறுத்தால், காரணத்தை எழுத்தில் பதிவுசெய்து நீங்கள் கேட்கும்போது அதன் நகலைத் தர வேண்டும் என்று 5(3) பிரிவு சொல்கிறது. அந்த நகல் கைக்கு வந்ததும், 11-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்ய 30 நாட்கள் அவகாசம் உண்டு.