யானையின் உயரத்தை இரண்டு மடங்காக்கினால் கம்பளி எவ்வளவு வாங்க வேண்டும்?

கேள்வி: முள் ஊசியால் கம்பளியைக் குத்திக் குத்தி இறுக்கி உருவம் செய்யும் நீடில் ஃபெல்டிங்கில் எட்டரை செ.மீ. உயரத்தில் ஒரு யானை செய்தேன். 35 கிராம் கம்பளி பிடித்தது. கொலுவில் வைக்க அதே யானையை 17 செ.மீ. உயரத்தில் செய்ய ஆசை. 70 கிராம் வாங்கினால் போதுமா?

பதில்: போதாது. கிட்டத்தட்ட 280 கிராம் வேண்டும். 70 கிராமோடு உட்கார்ந்தால் உடம்பில் பாதியைத் தாண்டுவதற்குள் கம்பளி தீர்ந்துவிடும்.

உயரம் இரண்டு மடங்காகும்போது யானையின் நீளமும் அகலமும் கூடவே இரண்டு மடங்காகின்றன. இரண்டு, இரண்டு, இரண்டு. பெருக்கினால் எட்டு. 35 கிராமை எட்டால் பெருக்கினால் 280. ஒன்றரை மடங்கு உயரம் போதும் என்றால் மூன்றே காலுக்குக் கொஞ்சம் மேல், சுமார் 118 கிராம். எந்த அளவுக்கு மாற்றினாலும் இந்தக் கணக்குதான். உயரம் எத்தனை மடங்கோ, பழைய எடையை அந்த எண்ணால் மூன்று முறை பெருக்க வேண்டும்.

ஆனால் 280 கிராமையும் சாம்பல் நிறத்தில் வாங்கிவிடாதீர்கள். இந்தப் பதிலை எழுதவே முக்கியக் காரணம் இதுதான். உள்ளே போகும் கம்பளி வேறு, மேலே தெரியும் கம்பளி வேறு. உள்ளே வைக்க, சாயம் போடாத, சீவி மட்டும் வைத்த கம்பளி கிடைக்கும். கடைகளில் கோர் வுல் என்பார்கள், விலையும் குறைவு. அதன் மேல் 2 மி.மீ. கனத்துக்குச் சாம்பல் நிறம் போர்த்தினால் போதும். மொத்தக் கம்பளி எட்டு மடங்காகும்போது, மேலே போர்த்துவது நான்கு மடங்குதான் ஆகும், ஏனென்றால் தோலின் கனம் மாறுவதில்லை, பரப்பு மட்டும்தான் கூடுகிறது. உங்கள் சின்ன யானை அளவுக்குத் தோல் மட்டும் சுமார் 10 கிராம் பிடிக்கும். பெரியதற்கு 40. காதும் துதிக்கையும் முழுக்கச் சாம்பலிலேயே செய்வதுதான் நன்றாக வரும், அதற்கு இன்னொரு 10, 15 கிராம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக, சாம்பல் 55, மீதி 225 உள்கம்பளி.

முன்மாதிரி யானை எதுவும் இல்லாமல் புதிதாக ஒரு உருவம் செய்யும்போது நான் போடும் கணக்கையும் சொல்கிறேன். உருவத்தைத் தாளில் நிஜ அளவில் வரைந்துகொண்டு, உருண்டை, முட்டை, உருளை என்று பிரித்துவிடுவேன். உடம்பு ஒரு முட்டை: நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி, பாதிக்குச் சற்று மேல், அதாவது 0.52ஆல் பெருக்கினால் கன அளவு. 8 நீளம், 5.5 அகலம், 5.5 உயரம் என்றால் சுமார் 126 கன செ.மீ. தலைக்கும் அதே கணக்கு. 4.5 செ.மீ. உருண்டை என்றால் 47. கால்களுக்கு, விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 0.79ஆல் பெருக்கினால் சரி. 2 செ.மீ. தடிமனும் 3 செ.மீ. நீளமும் உள்ள கால் ஒன்றுக்கு ஒன்பதரை, நாலுக்கும் 38. துதிக்கைக்கு 7, இரண்டு காதுக்கும் 11 என்று வையுங்கள். மொத்தம் 230க்குப் பக்கத்தில் வரும். இதை 0.15ஆல் பெருக்கினால் சுமார் 35 கிராம், நீங்கள் சொன்ன அதே எடை.

அந்த 0.15 எங்கிருந்து வந்தது என்றால், அது கையைப் பொறுத்தது. ஒரு கன செ.மீ. இடத்தில் எத்தனை கிராம் கம்பளியை நீங்கள் குத்தி இறுக்குகிறீர்கள் என்பதுதான் அந்த எண். சிலர் அமுக்கினால் அமுங்கும்படி விடுவார்கள், சிலர் கல் மாதிரி ஆகும் வரை குத்துவார்கள். ஒரே படத்தைப் பார்த்து இரண்டு பேர் செய்தாலும் எடை ஒன்றாக வராததற்கு இதுதான் காரணம். அதனால் அடுத்தவர் கணக்கை அப்படியே எடுக்காமல், 4 செ.மீ. உருண்டை ஒன்று செய்து பாருங்கள். விட்டம் சரியா என்று பார்க்க நூலைச் சுற்றி அளக்கலாம், சுற்றளவு பன்னிரண்டரை செ.மீ. இருக்க வேண்டும். அந்த உருண்டையின் கன அளவு 33.5. எடை 5 கிராம் என்றால் உங்கள் எண் 0.15. 7 கிராம் என்றால் 0.21, அப்போது எல்லாக் கணக்கிலும் கம்பளி 40 சதவீதம் கூடும். அந்த உருண்டை வீணாகாது, பெரிய யானையின் வயிற்றுக்குள் வைத்துவிடலாம்.

எடை பார்க்கச் சமையலறைத் தராசு பெரிய அளவுக்குச் சரிதான். உருண்டைக்கு மட்டும், நகை எடை பார்ப்பது போன்ற, கிராமின் பின்னங்களைக் காட்டும் சின்னத் தராசு நல்லது. தயவுசெய்து கண்ணளவில் வாங்க வேண்டாம். பிரித்து உதறிய கம்பளியை 50 கிராம் மேசையில் வைத்தால் ஒரு தலையணை அளவுக்குத் தெரியும், குத்தக் குத்த உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இன்னொன்று, கம்பளி காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்து வைக்கும். தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரம் ஏறினாலும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. சென்னை போன்ற ஊரில் ஐப்பசி மழையில் எடை போட்டதும் பங்குனி வெயிலில் எடை போட்டதும் ஒன்றாக இருக்காது. உருண்டையையும் புதிதாக வாங்கிய கம்பளியையும் ஒரே நாளில் எடை போடுங்கள்.

எந்தக் கம்பளி என்பதிலும் கவனம் வேண்டும். மெரினோ என்ற ஆட்டு வகையின் கம்பளி மென்மையானது, நிறம் அழகாக ஏறும், ஆனால் இழை மெல்லியது, வழுக்கும். உடம்பு முழுவதையும் அதிலேயே செய்யப் போனால் குத்திக் குத்திக் கை ஓய்ந்துவிடும். உள்ளுக்குச் சற்று முரட்டு இழைதான் சீக்கிரம் பிடிக்கும். தக்காணத்து ஆடுகளின் முரட்டுக் கம்பளி கிடைத்தாலும் தாராளமாக உள்ளே வைக்கலாம். கருப்பாக இருந்தால் மேலே போர்த்தும் சாம்பலைக் கொஞ்சம் கனமாக்குங்கள், இல்லையென்றால் உள்நிறம் வெளியே எட்டிப் பார்க்கும். கழுவாத கம்பளி வாங்கினால் எடையை நம்ப வேண்டாம். எண்ணெய்ப் பசையும் மண்ணும் போனபின் கணிசமாகக் குறையும். மெரினோ போன்ற வகைகளில் பாதி வரைகூடக் குறையலாம். வெளிநாட்டுச் செய்முறைகளில் அவுன்ஸ் என்று இருந்தால் ஒரு அவுன்ஸ் 28.35 கிராம்.

உபரியாக எவ்வளவு? சாம்பலில் 20 சதவீதம் கூடுதலாக, மொத்தம் 65, 70 கிராமை ஒரே தடவையில் வாங்குங்கள். சாயத் தொகுதி, அதாவது ஒரே தடவையில் சாயம் போட்ட கம்பளி, மாறினால் அதே பெயரில் வரும் சாம்பல்கூட வேறாக இருக்கும். காலும் உடம்பும் சேரும் இடத்தில் ஒட்டுப் போட அந்த உபரி கட்டாயம் தேவைப்படும். உள்கம்பளியை அப்படி வாங்க வேண்டியதில்லை. முதலில் 150 கிராம் வாங்கி, உடம்பு முடிந்ததும் எடை பார்த்து மீதியை வாங்கலாம். பழைய சுத்தக் கம்பளி ஸ்வெட்டர் இருந்தால் அதை இறுக்கிச் சுருட்டி நடுவில் வைத்தும் மிச்சம் பிடிக்கலாம்.

செய்யும்போது 225 கிராமையும் ஒரேயடியாகச் சுருட்டிக் குத்த ஆரம்பிக்காதீர்கள். முள் இருப்பது ஊசியின் கீழ்ப்பகுதியில் மட்டும்தான். மேல் அடுக்கு இறுகிவிட்டால் ஊசி உள்ளே இறங்க முரண்டு பிடிக்கும், நடு தளர்வாகவே நின்றுவிடும். யானை சரியான அளவுக்கு வந்தது போலத் தோன்றும், எடை மட்டும் குறைவாகக் காட்டும், கொஞ்ச நாளில் முதுகு அமுங்கும். 30, 40 கிராமாகப் போட்டு, 36ஆம் எண் ஊசியால் (எண் கூடக் கூட ஊசி மெல்லியது) ஒவ்வொரு அடுக்கையும் இறுக்கியபின் அடுத்ததைச் சுற்றுங்கள். சாம்பல் போர்த்த 38, கடைசியாக மேற்பரப்பை வழவழப்பாக்க 40.