பாரசிட்டமாலை விடுங்கள், வலிப்பு மாத்திரைக்கு வாருங்கள்

கர்ப்பமாக இருந்தபோது காய்ச்சலுக்குப் போட்ட பாரசிட்டமாலும் அடிக்கடி எடுத்த ஸ்கேனும் அழுத அழுகையும்தான் நான்கு வயது மகனுக்குப் பேச்சு வராமல், ஓரிடத்தில் உட்காராமல் செய்துவிட்டதோ என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். இல்லை அம்மா. ஸ்வீடனில் சுமார் 25 லட்சம் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2024இல் வெளிவந்தது, ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்டபோது பாரசிட்டமாலுக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. ஸ்கேன் வெறும் ஒலி அலை. அழாத கர்ப்பிணியை நான் பார்த்ததே இல்லை.

என்னைப் பதறவைத்தது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய கடைசி வரிதான். முதல் கர்ப்பம் முழுக்க வலிப்புக்கு சோடியம் வால்ப்ரோயேட் சாப்பிட்டிருக்கிறீர்கள், இப்போது அடுத்த குழந்தைக்காக, ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, மூன்று நாளாக நிறுத்தியும் விட்டீர்கள்.

யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள்? திடீரென்று விட்டால் வலிப்பு அடுத்தடுத்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் இன்றே பேசுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்புமுன் அடுத்தது வந்தாலோ உடனே ஆம்புலன்ஸ், இதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள்.

மாத்திரை பற்றிய பயம் நியாயமானதுதான். கருவில் வால்ப்ரோயேட் பட்ட குழந்தைகளில் 100க்கு சுமார் 10 பேருக்கு உடல் குறைபாடும், 30 முதல் 40 பேருக்குப் பேச்சு, கவனம், பழகும் விதம் போன்றவற்றில் பின்தங்கலும் வரலாம், டோஸ் கூடக்கூட ஆபத்தும் கூடும். முதல் மூன்று மாதம் தாண்டினால் பயமில்லை என்கிறார்களே, அது முதுகுத்தண்டுக் குறைபாட்டுக்கு வேண்டுமானால் பொருந்தும், ஆனால் மூளை ஒன்பது மாதமும் வளர்கிறது, ஸ்கேனில் எல்லாம் சரியாகத் தெரிந்தாலும் நரம்பணுக்கள் இணையும் விதம் மாறியிருக்கலாம், அப்புறம் அது வெளியே தெரிவது குழந்தை பேச வேண்டிய வயதில், வகுப்பில் உட்கார வேண்டிய வயதில்தான். ஃபோலிக் அமிலம் இதைத் தடுத்துவிடும் என்று நம்பாதீர்கள். லாமோட்ரிஜின், லெவெடிராசெட்டம் போன்ற வேறு வலிப்பு மருந்துகளுக்கு மாற முடியுமா என்று மருத்துவர் பார்ப்பார். மாற்றி முடிக்கும்வரை கருத்தடை அவசியம்.

மகனைக் குழந்தை மருத்துவரிடம் காட்டும்போது வால்ப்ரோயேட் என்ற பெயரை முதலிலேயே சொல்லுங்கள். அதுதான் காரணம் என்று கடிதத்தைப் பார்த்து நான் சொல்ல முடியாது, காது கேட்கும் சோதனையும் செய்ய வேண்டும். ஆனால் காரணம் தெரியட்டும் என்று பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டாம். நீங்களாக வாங்கிக் கொடுக்கும் மூளை டானிக் அவனுக்குத் தேவையில்லை. உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்வதும் போதும். மருந்தில்லாமல் வலிப்போடு சுமந்திருந்தால் இருவருக்குமே ஆபத்து, எழுதிக் கொடுத்தவர்தான் அன்றைக்கே இதையெல்லாம் விளக்கியிருக்க வேண்டும்.