மூன்றுக்கு ஒன்று மாறும் இடம்

கேள்வி: பி.எஸ்சி. வேளாண்மை இறுதியாண்டு படிக்கிறேன். எம்.எஸ்சி.யில் மரபியலும் பயிர் இனப்பெருக்கமும் எடுக்க ஆசை. உயர்நிலை மரபியல் என்றாலே கணக்குதான் என்று சீனியர்கள் அச்சுறுத்துகிறார்கள். உண்மையா? கடலூர்ப் பக்கத்திலேயே படிக்க வழியுண்டா?
- வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: வழியுண்டு. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் புலத்திலேயே இத்துறை இருக்கிறது. கணக்கு இருப்பதும் உண்மைதான். ஆனால் உங்கள் ஊர்ப் பயிர்களை வைத்துப் பார்த்தால் அந்த அச்சம் பாதி தணிந்துவிடும்.

இளநிலையில் நீங்கள் படித்த 3:1 விகிதம் (இரண்டாம் தலைமுறையில் ஓங்கு பண்புள்ள செடிகள் மூன்றுக்கு ஒடுங்கு பண்புள்ளது ஒன்று), ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டு இரண்டாக உள்ள செடிக்கு உரியது. ஒரே இனத்தின் குரோமோசோம் தொகுதி நான்கு மடங்காக உள்ள செடியில், ஓங்கு ஜீன் இரண்டும் ஒடுங்கு ஜீன் இரண்டும் இருந்து, குரோமோசோம்கள் வேறுபாடின்றி இணைசேர்ந்தால், ஒடுங்கு ஜீனை மட்டும் சுமக்கும் பாலணு (இனப்பெருக்க அணு) ஆறில் ஒன்றுதான். அத்தகைய இரண்டு பாலணுக்கள் கூடுவது முப்பத்தாறில் ஒன்று என்பதால் விகிதம் 35:1 ஆகிறது. நிலக்கடலைக்கும் நான்கு தொகுதிகள், மொத்தம் 40 குரோமோசோம்கள் உண்டு. எனினும் அவை இரண்டு காட்டினங்களிலிருந்து வந்து, பெரும்பாலும் தத்தம் துணையோடு மட்டுமே இணைவதால், அங்கே இந்தக் கணக்கு பொருந்தாது. ஒரே பண்பை இரண்டு ஜீன்கள் ஆண்டு, எதன் ஓங்கு வடிவம் ஒன்றிருந்தாலும் அப்பண்பு வெளிப்படுமிடத்தில் 15:1 கிடைக்கும். கரும்போ இவை எதற்கும் அடங்காது. 1918-இல் கோயம்புத்தூரிலிருந்து வெளிவந்த கோ 205 முதலாக, நாட்டில் வளர்க்கப்பட்ட ரகங்களில் காட்டுக் கரும்பின் இரத்தம் கலந்திருப்பதால், இன்றைய ரகங்களில் குரோமோசோம்கள் நூற்றுக்கும் மேல், அதுவும் ரகத்துக்கு ரகம் வேறாக உள்ளன.

சேருமுன் மாறுபாடு (செடிக்குச் செடி உள்ள வேறுபாட்டின் அளவு), உடன்தொடர்பு (இரு பண்புகள் சேர்ந்து மாறும் அளவு), மரபுவழித்திறன் (மாறுபாட்டில் மரபால் வரும் பங்கு) ஆகியவற்றைக் கையால் போட்டுப் பழகுங்கள். மென்பொருளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தில் அனுமதி கிடைத்தால் கடலையில் ஒட்டுச் சேர்ப்பதையும் (இரு செடிகளைக் கலப்பதையும்) பாருங்கள். மறுநாள் மலரும் மொட்டை மாலையில் பிரித்து, சூலகமுடி (மகரந்தத்தை ஏற்கும் நுனி) முறியாமல் மகரந்தப்பைகளை இடுக்கியால் எடுத்துவிட்டு, விடிந்ததும் வேற்றுச் செடியின் மகரந்தத்தை வைப்பார்கள். கை நடுங்கினால் பூ வீண்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும் முன், அவரது வயலில் எந்தப் பயிரின் எத்தனையாவது தலைமுறை நிற்கிறது என்று கேளுங்கள். படிப்பு இரண்டே ஆண்டு. கடலையில் ஒட்டிலிருந்து இரண்டாம் தலைமுறைக்கு மூன்று பருவம் தேவை. ஓராண்டுப் பயிரான கரும்பிலோ, முதலிலிருந்து தொடங்கி உரிய காலத்தில் ஆய்வேட்டை முடிப்பது அரிது.