வீட்டில் ஒருவருக்கு நோய் வந்தபின் ஆரோக்கியமான சமையலுக்கு எப்படி மாறினீர்கள்?

சமையலை எங்கிருந்து மாற்றத் தொடங்குவது, காய் கனி கீரை என்று பார்த்துப் பார்த்துச் செய்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்துதான் என் அம்மாவை ஒரு ராத்திரி அவசரப் பிரிவில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தேன்.

அம்மாவுக்கு 61 வயது. பல வருட இரத்த அழுத்தம், கடைசியில் சிறுநீரகத்தில் வந்து நின்றது. சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதைக் காட்டும் எண் (இஜிஎஃப்ஆர் என்பார்கள்) 24. அது 15 முதல் 29 வரை இருந்தால் நான்காம் நிலை. 15க்குக் கீழே இறங்கினால் டயாலிசிஸ் பேச்சு ஆரம்பித்துவிடும். முதல் தடவை பார்த்த டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "உப்பைக் குறைங்க, ஆரோக்கியமா சாப்பிடச் சொல்லுங்க" என்றார். அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் நான் அடுப்படிக்குள் நுழைந்தேன். அதுவரை முட்டை அவிப்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. அம்மாவுக்கு நின்று சமைக்கத் தெம்பில்லை. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நான் வெங்காயம் நறுக்கும் அழகைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்.

இணையத்தில் தேடினால் இரத்த அழுத்தத்துக்கு டாஷ் உணவுமுறை என்று வந்தது. 1997ல் வெளியான ஆய்வு. காய், பழம், கொட்டைகள், கொழுப்பு குறைந்த பால் என்று சாப்பிட்டால் அழுத்தம் இறங்கும் என்று காட்டியது. உண்மைதான், நல்ல ஆய்வுதான். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். காலையில் கீரையும் பழமும் அடித்த ஜூஸ். பதினொரு மணிக்கு ஒரு கை பாதாம். எதைச் சமைத்தாலும் தக்காளி தாராளமாக. சாயங்காலம் வாழைப்பழம். உப்புக்குப் பதில், சோடியம் குறைவு என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருந்த ஒரு உப்பு. அது சாதா உப்பு மாதிரியே கரித்தது. இத்தனை நாள் ஏன் யாரும் இதைச் சொல்லவில்லை என்று எனக்கு ஒரே பெருமை.

ஏழாவது வாரம் இரத்தப் பரிசோதனை. அன்று ராத்திரி ஒன்பதரைக்கு லேபிலிருந்து போன். பொட்டாசியம் 6.2, உடனே கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள். 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டியது அது. ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், நின்றுபோகவும் கூடும். கொடுமை என்னவென்றால், அம்மாவுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் சோர்வு, அவ்வளவுதான். "நல்லாத்தானேடா இருக்கேன், எதுக்கு இந்த நேரத்துல" என்று புடவை மாற்றவே அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். ஈசிஜி எடுத்து, ஊசி போட்டு, டிரிப்ஸ் ஏற்றி, விடியும்போதுதான் எண் இறங்கியது.

டயட்டீஷியன் என்று ஒருவர் இருப்பதே மறுநாள்தான் எங்களுக்குத் தெரிந்தது. "சமையலறையில என்ன பாக்கெட் இருக்கோ எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக் கொண்டு வாங்க சார்" என்றார். மேஜையில் கொட்டினேன். அந்த உப்பு டப்பாவை எடுத்தார், பின்பக்கம் திருப்பினார், எறும்பு வரிசை மாதிரி இருந்த எழுத்தில் ஒரு இடத்தில் விரலை வைத்து என் பக்கம் தள்ளினார். பொட்டாசியம் குளோரைடு. சோடியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அதைத்தான் போடுகிறார்கள். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு அது நல்ல உப்பு, அழுத்தம் குறையும். உலக சுகாதார நிறுவனமே 2025ல் அந்த வகை உப்புக்கு மாறலாம் என்று சொன்னது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இது இல்லை என்றும் சேர்த்தே சொன்னது. மீந்த பொட்டாசியத்தை வெளியே தள்ளுவது சிறுநீரகம். அது படுத்துவிட்டால் கீரை, வாழைப்பழம், தக்காளி, பாதாம் எல்லாம் உள்ளேயே தங்கும். போதாக்குறைக்கு அம்மா சாப்பிடும் அழுத்த மாத்திரையும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய வகை.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: சமையல் குறிப்பைத் தேடுவதற்கு முன்னால் இரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்து மேஜையில் வையுங்கள். உங்கள் வீட்டில் என்ன நோய் என்று நீங்கள் எழுதவில்லை. சர்க்கரை என்றால் ஒரு கணக்கு, ஈரல் என்றால் வேறு கணக்கு. எனக்குத் தெரிந்தது சிறுநீரகம் மட்டும்தான், அதையே சொல்கிறேன்.

முதலில் உப்பு. அம்மா கையால் அள்ளிப் போடுகிறவர். எவ்வளவு என்று கேட்டால் "கைக்குத் தெரியும்" என்பார். டயட்டீஷியன் ஒரு வழி சொன்னார். புது ஒரு கிலோ பாக்கெட்டைப் பிரித்து, அதன் மேலேயே தேதி எழுதி வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் நான்கு பேர். அது 20 நாளில் காலி. ஆயிரத்தை எண்பதால் வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 12.5 கிராம். காய் வேகவைத்துக் கொட்டிய தண்ணீரில் கொஞ்சம் போயிருக்கும், இருந்தாலும் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 5 கிராமுக்கும் கீழே. அப்படிப் பார்த்தால் அந்தப் பாக்கெட் குறைந்தது 50 நாள் வர வேண்டும். பிரெட், பிஸ்கட், சாஸ் இவற்றில் ஒளிந்திருக்கும் உப்பு தனி. அம்மா கணக்கைக் கேட்டுவிட்டு, "உங்க அப்பாதான் மேல தூவிக்கிறார்" என்று ஒரே போடாகப் போட்டார். அதிலும் உண்மை இருந்தது.

திடீரென்று பாதியாகக் குறைத்தால் யாராலும் சாப்பிட முடியாது, நாங்கள் முயன்று தோற்றோம். மூன்று நாள் அம்மா பாதித் தட்டோடு எழுந்தார். பிறகு வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்தோம். நாக்கு பழக இரண்டு மூன்று மாதம் எடுத்தது. இடையில் கற்றுக்கொண்ட ஒரு வித்தை: கொதிக்கும்போது உப்புப் போடாமல், இறக்கியபின் மேலாகத் தூவினால் குறைவான உப்பே நாக்கில் முன்னால் வந்து நிற்கும். வெங்காயத்தைப் பொறுமையாகப் பழுப்பேற வதக்குவது, பூண்டைச் சுட்டு நசுக்கிச் சேர்ப்பது, பரிமாறும்போது மிளகை அப்போதே பொடித்துப் போடுவது, கடைசியில் நாலு சொட்டு எலுமிச்சை. இவ்வளவும் உப்பு இல்லாத குறையை மறைக்கத்தான். புளிப்புதான் இதில் பெரிய கெட்டிக்காரன்.

பொட்டாசியத்துக்கு வருகிறேன். அம்மாவுக்கு உருளைக்கிழங்கு என்றால் உயிர். அதுவோ பொட்டாசிய மூட்டை. தோல் சீவி ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊற வைத்தால் போய்விடும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். வெறும் ஊறலில் பெரிதாக ஒன்றும் போவதில்லை. சின்னத் துண்டாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டினால் ஏறக்குறைய பாதி போகும். துருவிக் கொதிக்கவிட்டால் இன்னும் அதிகம் போகும். ஆக, சத்து போய்விடும், வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதே என்று எல்லாருக்கும் சொல்லும் புத்திமதி எங்கள் வீட்டில் தலைகீழ். அந்த மங்கலான தண்ணீரைக் கொட்டும்போது அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். நாற்பது வருடம் ஒரு சொட்டு வீணாக்காமல் சமைத்தவர். கொதிக்கவைத்த துண்டுகளை ஈரம் போக ஒரு துணியில் பரப்பி, பிறகு கொஞ்சம் எண்ணெயில் ஓரம் முறுக வறுத்துக் கொடுத்தேன். ஒரு துண்டை வாயில் போட்டு மென்றுவிட்டு, "உருளைக்கிழங்கோட போட்டோ மாதிரி இருக்கு" என்றார். அடுத்த தடவை மிளகும் பூண்டும் கூடுதலாகப் போட்டதில் தட்டு காலியானது.

வாழைப்பழத்துக்குப் பதில் ஆப்பிள், கீரைக்குப் பதில் முட்டைக்கோஸ் என்று மாற்றுவது சுலபம், அதை நீட்டி எழுதவில்லை. நட்சத்திரப் பழம் மட்டும் ஒரு துண்டுகூட வேண்டாம். அதிலுள்ள நச்சை ஆரோக்கியமான சிறுநீரகம் வெளியேற்றிவிடும். பழுதானது வெளியேற்றாது, மூளையைப் பாதிக்கும்.

பாஸ்பரஸ் பற்றிப் பலரும் பேசுவதில்லை. பொட்டாசியம் மாதிரியே, மீந்தால் அதையும் சிறுநீரகம்தான் வெளியே தள்ள வேண்டும். பருப்பிலும் தானியத்திலும் இருக்கும் பாஸ்பரஸில் பாதிகூட உடம்பில் சேராது. பதப்படுத்திய இறைச்சி, கோலா பானம், பாக்கெட் உணவு இவற்றில் கலக்கும் பாஸ்பேட்டோ கிட்டத்தட்ட முழுக்கச் சேர்ந்துவிடும். அதனால் பருப்பை ஒதுக்கிவிட்டு பாக்கெட்டுக்குப் போவது மகா முட்டாள்தனம். நான் அதையும் ஒரு வாரம் செய்தேன் என்பதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

புரதத்தில் வேறு வகையான தப்பு செய்தேன். குறைக்கச் சொன்னார்களே என்று ஏகத்துக்குக் குறைத்தேன். அம்மா ஒரு மாதத்தில் மூன்று கிலோ இறங்கிவிட்டார், ரவிக்கை தோளில் நிற்கவில்லை. டயட்டீஷியன் திட்டினார். டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்கு அளவோடு போதும், ஆனால் பட்டினி போட்டால் உடம்பு தன் தசையையே கரைத்துச் சாப்பிடும். டயாலிசிஸ் ஆரம்பித்தால் கணக்கே மாறிப் புரதம் கூடுதலாக வேண்டியிருக்கும். இப்போது முட்டையின் வெள்ளைக்கரு அடிக்கடி. அதில் புரதம் உண்டு, பாஸ்பரஸ் ரொம்பக் குறைவு.

இன்னொன்று. ஆரம்பத்தில் அம்மாவுக்குத் தனிப் பாத்திரத்தில் தனியாகச் சமைத்தேன். ஒரு நாள் அவர் அந்தச் சின்னப் பாத்திரத்தைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு, "நோயாளிப் பாத்திரத்தை உள்ள வச்சுடு" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அன்றிலிருந்து வீட்டுக்கே ஒரு பாத்திரம், ஒரு சமையல். வேண்டியவர்கள் தட்டில் உப்புச் சேர்த்துக்கொள்ளலாம். பழம் மட்டும் அவரவர் பாடு. தம்பி ஒரு மாதம் முறுமுறுத்தான், அப்பா இன்னும் முறுமுறுக்கிறார். போன வருஷக் கடைசியில் பிரித்த உப்புப் பாக்கெட் 58 நாள் வந்தது.

அம்மாவின் சிறுநீரகம் சமையலால் குணமாகிவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. வடிகட்டும் எண் இப்போது 22. மாத்திரையும் சாப்பாடும் சேர்ந்து இறக்கத்தை மெதுவாக்குகின்றன என்கிறார் இப்போதைய டாக்டர். அந்த ராத்திரிக்குப் பிறகு பொட்டாசியம் 6ஐத் தொடவில்லை. ஒவ்வொரு பரிசோதனைத் தாளையும் பிரிட்ஜ் கதவில் ஒட்டி வைக்கிறேன், அதைப் பார்த்துத்தான் அந்த மாதக் காய் வாங்குவது. போன வாரத் தாளில் பொட்டாசியம் 4.6. நேற்றுக் காலை பால் எடுக்கப் போனபோது பார்த்தேன், அந்த எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் அம்மா எழுத்தில் ஒரு வார்த்தை: "உருளைக்கிழங்கு?"

சாயங்காலம் கால் கிலோ வாங்கி வந்தேன்.